பிரதேச சபைக் கட்டடத்தில் பிற நாட்டுக் கொடி ஏற்றலாமா?

2025 செப்டெம்பர் 24

சம்மாந்துறைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “நேற்று முன்தினம் பிரான்சில் 86 நகரசபைகள் பாலஸ்தீனக் கொடியை ஏற்றின. இலங்கையோ 1988 இலேயே பாலஸ்தீனத்தை ஒரு நாடாக ஏற்றுக்கொண்டது. அப்படியிருக்க, எங்கள் பிரதேச சபைக் கட்டடத்தில் அந்தக் கொடியை ஏற்ற ஏன் எல்லோரும் தயங்குகிறார்கள்?”

ஏற்றக் கூடாது என்பதே என் பதில். பாலஸ்தீனக் கொடி என்பதற்காகச் சொல்லவில்லை. எந்த நாட்டுக் கொடியும் அந்தக் கம்பத்தில் ஏறக் கூடாது.

மட்டக்களப்பு, அம்பாறை இரண்டு மாவட்டங்களிலும் உள்ளூராட்சி மன்றங்களில் 31 ஆண்டுகள் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். சபையின் வேலை என்னவென்று 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது: பொதுச் சுகாதாரம், பொதுப் பயன்பாட்டுச் சேவைகள், பொது வீதிகள். வெளிநாட்டு அலுவல்களை அரசியலமைப்பின் 13 ஆவது திருத்தம் மத்திய அரசுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறது. சோலைவரி கட்ட வருகிறவர், கட்டட அனுமதிக்கு வருகிறவர், ஒரு மாதமாகக் குப்பை அள்ளவில்லை என்று கோபத்தோடு வருகிறவர் எல்லோரும் அந்தக் கம்பத்தைக் கடந்துதான் உள்ளே வருகிறார்கள். அவர்களில் ஒருவருக்கேனும் “இது என் சபை இல்லையோ” என்ற எண்ணம் வாசலில் வரக் கூடாது. எங்கள் இரு மாவட்டங்களிலும் அந்த எண்ணம் எவ்வளவு எளிதாக வரும் என்பது இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும்.

செப்டெம்பர் 24, இரவு

தம்பி உடனே எழுதிவிட்டார். “காசாப் பிள்ளைகளுக்காக ஒரு துணித்துண்டை உயர்த்தக்கூட மனம் இல்லையா, அக்கா?”

இந்தக் கேள்வி எனக்கு வலித்தது. ஆனால் வெறும் துணித்துண்டு என்றால் நீங்கள் கேட்டிருக்கவும் மாட்டீர்கள், நான் மறுத்திருக்கவும் மாட்டேன். அது துணித்துண்டு இல்லை என்பதில் நாம் இருவரும் ஒன்றுபடுகிறோம். அங்கிருந்து பேசுவோம்.

செப்டெம்பர் 26

ஒரு திருத்தம். நேற்று ஒருவருக்கு எழுதிய பதிலில், பாலஸ்தீனக் கொடியில் சிவப்பு, வெள்ளை, கறுப்புப் பட்டைகளும் கம்பத்துப் பக்கம் பச்சை முக்கோணமும் இருப்பதாக எழுதிவிட்டேன். அது சூடானின் கொடி. பாலஸ்தீனக் கொடியில் மேலிருந்து கறுப்பு, வெள்ளை, பச்சை, முக்கோணம் சிவப்பு. ஜோர்தானுக்கும் அதே நிறங்கள்தான், முக்கோணத்தினுள் ஏழு முனையுள்ள வெள்ளை நட்சத்திரம் ஒன்று கூடுதலாக இருக்கும். சுட்டிக்காட்டிய அக்கரைப்பற்று ஆசிரியைக்கு நன்றி.

தவறைத் திருத்தியபோது ஒன்று உறைத்தது. சூடானில் 2023 ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து போர் நடக்கிறது. அங்கேயும் பிள்ளைகள் பட்டினியால் சாகிறார்கள். அந்தக் கொடியை ஏற்றச் சொல்லி ஒருவரும் எந்தச் சபையிலும் பிரேரணை கொண்டுவந்ததாக நான் கேள்விப்படவில்லை. இதைத் தம்பியின் மீது குற்றமாகச் சொல்லவில்லை. ஒரு துயரம் நமக்கு நெருக்கமாகத் தெரியும், மற்றொன்று தெரியாது. மனித மனம் அப்படித்தான். தனி மனிதருக்கு அது பொருந்தும். ஒரு சபை எந்தத் துயரத்துக்குக் கொடி, எந்தத் துயரத்துக்குக் கொடியில்லை என்று அமர்வு கூடி வாக்கெடுக்கலாமா? 21 உறுப்பினர் இருக்கும் சபையில் 11 பேர் கையை உயர்த்தினால் ஒரு நாட்டின் சாவு பெரிதாகவும் இன்னொரு நாட்டின் சாவு சிறிதாகவும் ஆகிவிடுமா?

செப்டெம்பர் 29

பிரான்சை முன்னுதாரணமாகக் காட்டுகிறவர்கள் முழுக் கதையையும் பார்க்க வேண்டும். என் பெரியம்மாவின் மகன் பாரிசை ஒட்டிய லா கூர்நெவில் இருக்கிறார். பக்கத்து நகரமான சென்-தெனியில் கொடி ஏறியதைத் தன் கண்ணால் பார்த்தவர். அவரிடம் ஒரு மணி நேரம் பேசினேன். பிறகு நானும் தேடி வாசித்தேன்.

அந்த 86 நகரசபைகள் உள்துறை அமைச்சின் கட்டளையை மீறித்தான் ஏற்றின. பொதுச் சேவை நடுநிலையாக இருக்க வேண்டும் என்பது அந்த நாட்டில் சட்டக் கோட்பாடு. மார்த்தினிக் தீவிலுள்ள செந்த்-ஆன் என்ற ஊரின் நகரசபை சிவப்பு, பச்சை, கறுப்பு நிறக் கொடி ஒன்றை ஏற்றியபோது, 2005 ஜூலையில் பிரான்சின் உச்ச நிர்வாக நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: அரசியல், மத, தத்துவக் கோரிக்கையைக் காட்டும் அடையாளங்களைப் பொதுக் கட்டடங்களில் வைக்கக் கூடாது.

இதே கோட்பாட்டின்படிதான் நீஸ் நகரசபையின் முகப்பில் இருந்த இஸ்ரேல் கொடிகளை அகற்றுமாறு இந்த ஆண்டு ஜூனில் நீதிமன்றம் உத்தரவிட்டது. தம்பி, இதைக் கவனியுங்கள். காசா மக்களின் பக்கம் நிற்கிறவர்கள் அன்று அந்த உத்தரவை வரவேற்றார்கள். மூன்றே மாதத்தில் அதே கோட்பாடு அவர்களுக்கும் பொருந்தியது.

ஆனால் என் வாதத்துக்கு எதிரான செய்தியையும் மறைக்க மாட்டேன். சென்-ஜெர்மன்-ஆன்-லே நகரசபையில் பறந்த உக்ரைன் கொடியை வெர்சாய் நிர்வாக நீதிமன்றம் 2024 இல் தடுக்கவில்லை. அது அரசியல் கோரிக்கை இல்லை, தாக்கப்பட்ட மக்களுக்கான ஒருமைப்பாடு என்றார்கள். லா கூர்நெவ் அண்ணனின் கோபம் இங்கேதான். “ஒருவரின் துயரம் ஒருமைப்பாடு, மற்றவரின் துயரம் அரசியல். யார் இதை நிறுத்துப் பார்க்கிறார்கள்?” என்று கேட்டார். என்னிடம் அதற்கு மறுமொழி இல்லை. நீதிபதியே இப்படிச் சறுக்கும் இடத்தில் ஒரு சபை அமர்வு நேராக நடக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஒக்டோபர் 2

முதல் நாள் “எந்த நாட்டுக் கொடியும் கூடாது” என்று எழுதியதைச் சற்றுத் தளர்த்த வேண்டியிருக்கிறது. விருந்தினர் வருவதை மறந்துவிட்டேன்.

நான் வேலை செய்த சபை ஒன்றுக்கு நெதர்லாந்திலிருந்து ஒரு குழு வந்தது. 1638 இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைப் பிடித்தவர்களின் வழியில் வருகிறவர்கள் என்பதால் ஊரில் ஒரு பரபரப்பு. இரு நாட்டுக் கொடிகளையும் ஏற்ற வேண்டும் என்று முடிவாயிற்று. ஒல்லாந்தர் கொடி கையில் இல்லை. சந்தைக்கு அருகில் இருந்த தையற்காரரிடம் ஓடினோம். சிவப்பு, வெள்ளை, நீலம் என்று நிறங்களைச் சரியாகச் சொன்ன எங்கள் அலுவலர், பட்டைகள் படுத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லவில்லை. தையற்காரர் நிமிர்த்தித் தைத்துவிட்டார். விருந்தினர் வண்டியை விட்டு இறங்கியபோது கம்பத்தில் பறந்தது கிட்டத்தட்டப் பிரான்சின் கொடி.

வந்தவர்கள் நல்லவர்கள், பெரிதுபடுத்தவில்லை. தவிசாளரின் முகம்தான் கறுத்துப்போனது. அந்த முகத்தை இன்றும் மறக்கவில்லை. இன்னொரு மக்களின் கொடியைக் கையில் எடுப்பது அவர்களின் மானத்தைக் கையில் எடுப்பது. தெரியாமல் தொட்டாலும் காயப்படும். அன்றிலிருந்து, கொடி விடயத்தில் அவசரப்படுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பயம்.

இருந்தாலும் விருந்தினர் கொடியை நான் மறுக்க மாட்டேன். வந்தவரை மதிக்க, அவர் இருக்கும் அந்த ஒரு நாள், நம் கொடிக்குப் பக்கத்தில். அவர் போனதும் இறக்கி மடித்து அலுமாரியில் வைத்துவிடுவோம்.

ஒக்டோபர் 5

கல்லடியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார்: “சுனாமிக்குப் பிறகு எத்தனை நாட்டுக் கொடிகள் எங்கள் கடற்கரையில் பறந்தன. அப்போது யார் ஆட்சேபித்தார்கள்?”

யாரும் இல்லை. நானும் இல்லை.

2004 டிசம்பர் 26 பற்றி நான் அதிகம் எழுதுவதில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். இங்கே நாவலடி என்ற ஊரே துடைத்ததுபோல் போயிற்று. பாடசாலையில் அமைந்த முகாமுக்குப் பெயர்ப் பட்டியல் எழுத என்னை அனுப்பியிருந்தார்கள். வெளிநாட்டு வாகனங்கள் ஒவ்வொன்றிலும் சிறிய கொடியோ ஒட்டுப்படமோ இருக்கும். முகாமில் இருந்த பிள்ளைகள் நாடுகளின் பெயர்களை அந்தக் கொடிகளைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்கள். தாயை இழந்த ஒரு சிறுமி, வெள்ளையில் சிவப்பு வட்டம் போட்ட வண்டி வந்தால் ஓடிப்போய் அதன் அருகில் நிற்பாள். அந்த வண்டியில் வந்த மருத்துவத் தாதி அவளுக்குத் தலை பின்னிவிடுவார். அவளுக்கு அந்தக் கொடி ஒரு கை. அதை யார் ஆட்சேபிப்பது?

ஆனால் ஓராண்டு நினைவு நாளில் நடந்ததையும் சொல்ல வேண்டும். உதவிய நாடுகளின் கொடிகளைக் காகிதத்தில் செய்து சபை மண்டபத்தில் தோரணம் கட்டினோம். நல்ல மனதோடுதான் செய்தோம். ஒரு நாட்டின் கொடி விடுபட்டுப் போயிற்று. அந்த நாட்டுத் தொண்டு நிறுவனத்தில் சாரதியாக இருந்த எங்கள் ஊர்ப் பையன் மண்டப வாசலில் வந்து நின்றான். “எங்கள் ஆட்கள் கிணறு இறைத்தது உங்களுக்குத் தெரியவில்லையா?” என்று கேட்டுவிட்டு உள்ளே வராமலே போய்விட்டான். கொடிகளை வரிசை கட்டினால் விடுபட்டவர் கண்ணில் படுவார்.

அன்று உலகம் எங்களுக்காக என்ன செய்தது என்பதையும் நினைத்துப் பார்த்தேன். 2005 ஜனவரி 5 ஆம் திகதி நண்பகல் ஐரோப்பா முழுவதும் மூன்று நிமிடம் மௌனமாக நின்றது. அமெரிக்காவில் ஒரு வாரம் தங்கள் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கி வைத்தார்கள். தங்கள் கொடியை இறக்கினார்கள். அது எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. எங்களை மதித்துத்தான் அதைச் செய்தார்கள் என்று இன்றும் நம்புகிறேன்.

ஒக்டோபர் 6

நேற்று எழுதியதற்குத் தொடர்ச்சி. கொடி வேறு, பெயர் வேறு என்று ஒருவர் சொல்கிறார். சரிதான். திராய்மடுவில் “சுவிஸ் கிராமம்” என்ற பெயர் ஊரோடு ஒட்டிவிட்டது. ஆட்டோக்காரரிடம் சுவிஸ் கிராமம் என்றால் கொண்டுபோய் விடுவார். மண்முனைத் துறையில் பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி, அது நிறையும் வரை வெயிலில் காத்திருந்து வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைக்குப் போன காலம் எனக்குத் தெரியும். 2014 இல் ஜப்பானிய உதவியில் பாலம் வந்தது. கர்ப்பிணியை ஏற்றிக்கொண்டு நள்ளிரவில் அந்தப் பாலத்தைக் கடக்கிற எவரும் ஜப்பானை வாழ்த்துவார். நடந்த ஒரு நன்மையைப் பெயர் சொல்கிறது, கொடியோ பக்கம் சொல்கிறது. எனக்குள்ள வேறுபாடு அதுதான்.

பெயரும் எப்போதும் தீங்கற்றது என்று சொல்ல வரவில்லை. அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சுனாமியால் வீடிழந்தவர்களுக்காகச் சவூதி அரேபியா 500 வீடுகள் கட்டியது. யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கில் சிக்கி அவை ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்தன, பற்றை வளர்ந்தது. வீடில்லாதவர்கள் அந்த மதிலுக்கு வெளியே நின்று பார்த்தார்கள். அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

ஒக்டோபர் 11

நேற்றுக் காசாவில் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. நிலைக்க வேண்டும்.

அவுஸ்திரேலியாவின் கன்டர்பரி-பேங்ஸ்டவுன் மாநகரசபை 2023 ஒக்டோபரில் பாலஸ்தீனக் கொடியை ஏற்ற முடிவெடுத்தபோது, போர்நிறுத்தம் வரும் வரை பறக்கும் என்றுதான் தீர்மானம் எழுதியது. அதை வாசித்ததும், என்னோடு பல ஆண்டு வேலை செய்த காவலாளி ஒருவருக்கு அழைப்பு எடுத்தேன். கல்முனைப் பக்கத்து முஸ்லிம், அண்ணன் என்ற பொருளில் நான் “காக்கா” என்றுதான் கூப்பிடுவேன். காலையில் கொடி ஏற்றுவதும் பொழுது சாய இறக்குவதும் அவர் வேலை. பாலஸ்தீனத்துக்காக நோன்பு வைத்து அழுகிறவர். சபையில் அந்தக் கொடியை ஏற்றலாமா என்று கேட்டேன்.

சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “ஏற்றலாம். இறக்குகிறது யார்?” என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். தேசியக் கொடியை மாலையில் இறக்கினால் ஒருவரும் ஒன்றும் நினைப்பதில்லை. நாளை மீண்டும் ஏறும் என்று எல்லோருக்கும் தெரியும். போருக்காக ஏற்றிய கொடியை எந்த மாலையில் இறக்குவது? போர் நின்ற மறுநாளா? நின்ற பிறகும் குண்டு விழுந்தால் மறுபடி ஏற்றுவதா? அடுத்த தவிசாளர் வந்து இறக்கச் சொன்னால், கயிற்றைப் பிடித்து இழுக்கிறவன் ஊரில் எப்படி நடமாடுவது? “அம்மா, அது என் கையால் நடக்க வேண்டிய வேலை” என்றார்.

இங்கிலாந்தில் இதுதான் நடந்தது. 2022 பெப்ரவரியில் போர் தொடங்கியதும் ஊர் ஊராகச் சபைகள் உக்ரைன் கொடியை ஏற்றின. இந்த ஆண்டு மே மாதத் தேர்தலில் வலதுசாரி ரிஃபோர்ம் கட்சியின் கைக்கு வந்த சபைகளில் அதை அகற்றத் தொடங்கினார்கள். கென்ட் மாவட்ட சபையின் மண்டபத்திலும் அகற்றினார்கள். ஏற்றாமலே இருந்திருந்தால் அது ஒரு செய்தியே இல்லை. ஏற்றிய பிறகு அகற்றியது, அங்கே தஞ்சம் புகுந்திருந்த உக்ரைன் குடும்பங்களின் கன்னத்தில் அறைந்தது போலாயிற்று. எங்கள் சபைகள் 2023 மார்ச்சிலிருந்து இரண்டு ஆண்டுக்கு மேல் உறுப்பினரே இல்லாமல் செயலாளர் கையில் இருந்தவை. இந்த மே 6 தேர்தலுக்குப் பிறகும் பல இடங்களில் தொங்கு சபைதான். இரண்டு பேர் பக்கம் மாறினால் தவிசாளர் மாறுவார். கம்பத்தில் இருப்பதும் கூடவே மாறுமா?

ஒக்டோபர் 14

காக்கா கேட்ட கேள்வி மூன்று நாளாக என்னை விடவில்லை. கொடியைப் பற்றி நம்மைவிட அதிகம் தெரிந்த ஊர் எது? மாமாங்கேஸ்வரர் கோவிலில் கொடியேற்றம். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஆண்டகையின் பெயரால் கொடியேற்றம். ஆயித்தியமலை சதா சகாய மாதா திருநாளிலும் கொடியேற்றம். மூன்று சமயத்துக்கும் சொல் ஒன்றே.

மூன்றுக்கும் பொதுவான இன்னொன்றும் இருக்கிறது. ஏற்றும் அன்றே இறக்கும் நாளும் எல்லோருக்கும் தெரியும். மாமாங்கத்தில் ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடு திருவிழா நிறைவு. கடற்கரைப் பள்ளியில் பன்னிரண்டு நாள். கொடி ஏறினால் ஊரை விட்டுப் போகாதே என்று அம்மா சொல்வார். மச்சம், மாமிசம் வீட்டுக்குள் வராது. கொடி ஏறியிருக்கும் நாட்களில் ஊர் ஒரு கட்டுக்குள் இருக்கிறது, கொடி இறங்கியதும் அவிழ்கிறது. இறக்குவதற்கும் பூசை உண்டு, மரியாதை உண்டு. அதனால் இறக்கம் யாருக்கும் அவமானம் ஆவதில்லை.

இறக்கும் நாள் தெரியாத கொடியை நம் முன்னோர் ஏற்றவில்லை. தம்பிக்கு நான் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டியது இதுதான். சட்டப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது என் அலுவலகப் பழக்கம்.

ஒக்டோபர் 19

களுவாஞ்சிகுடியிலிருந்து வந்த ஒரு கேள்வியை நான்கு நாளாகத் தள்ளிப் போட்டேன். “நடுநிலை, எல்லோருக்கும் பொதுவான கம்பம் என்கிறீர்களே. அதில் இப்போது பறப்பது எல்லோருக்கும் பொதுவானதா?”

நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். 1948 இல் அமைத்த கொடிக் குழுவில் செனற்றர் எஸ். நடேசன் உடன்படவில்லை. வாளேந்திய சிங்கத்தின் பக்கத்தில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் செம்மஞ்சள், பச்சை என இரண்டு பட்டைகள் வைத்து 1951 இல் ஏற்றுக்கொண்டார்கள். 1972 இல் மூலைகளில் அரசிலைகள் வந்தன. 1957 பெப்ரவரி 4 அன்று திருகோணமலையில் கறுப்புக் கொடி ஏற்றப்போன நடராஜன் சுடப்பட்டு இறந்தார். இன்றும் பெப்ரவரி 4 எங்கள் வீடுகளில் பலருக்குக் கரிநாள். நான் சம்பளம் வாங்கிக்கொண்டு 31 சுதந்திர தினங்களில் அந்தக் கம்பத்தின் கீழே நின்றேன். சில ஆண்டுகளில் தலையை நிமிர்த்திப் பார்க்க முடிந்ததில்லை. 1990 இல் இரு பக்கமும் ஊர்கள் எரிந்தன, காத்தான்குடிப் பள்ளிவாசலில் தொழுகையில் இருந்தவர்களைக் கொன்றார்கள். அடுத்த பெப்ரவரியில் தமிழரும் முஸ்லிமுமாக நாங்கள் பதினாறு பேர் அந்தக் கம்பத்தைச் சுற்றி நின்றோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

ஆகவே இப்போதுள்ளது பொதுவானது என்று நான் சொல்ல மாட்டேன். அரசியலமைப்பின் 6 ஆம் உறுப்புரை அதைத் தேசியக் கொடி என்கிறது, சபை அதை ஏற்றக் கடமைப்பட்டிருக்கிறது. அவ்வளவுதான். ஆனால் ஒரு கொடியின் கீழே நின்று “இது என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை” என்று உணர்ந்தவள் என்பதால்தான், அதே உணர்வை இன்னொருவருக்குக் கொடுக்கும் இன்னொரு கொடியை அதன் பக்கத்தில் சேர்க்க நான் உடன்படவில்லை. களுவாஞ்சிகுடி ஐயாவின் கேள்வி என் வாதத்தை உடைக்கும் என்று பயந்தே தள்ளிப் போட்டேன். எழுதி முடித்தபோது, என் வாதமே அங்கிருந்துதான் வந்திருக்கிறது என்று தெரிகிறது.

ஒக்டோபர் 20

வெசாக் காலத்தில் பௌத்தக் கொடி ஏறுகிறதே என்று மூவர் கேட்கிறார்கள். அது பிற நாட்டுக் கொடி இல்லை. 1885 இல் கொழும்பில் உருவானது. ஆனால் ஒரு சமயத்தின் கொடி. அதைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும், இங்கே கலக்க வேண்டாம்.

ஒக்டோபர் 27

தம்பி விடவில்லை. நல்ல பிடிவாதம், எனக்குப் பிடித்திருக்கிறது. சபைக்கு மூன்று கம்பங்கள் இருக்கின்றன: தேசியக் கொடிக்கு, மாகாணக் கொடிக்கு, சபைக் கொடிக்கு. மூன்றாவது கம்பத்தை யார் கேட்டாலும் ஒரு நாளுக்குக் கொடுக்கலாமே என்கிறார்.

அமெரிக்காவின் பொஸ்ரன் நகரம் இதையே செய்தது. நகர மண்டபத்தின் முன் மூன்று கம்பங்கள். மூன்றாவதில் நகரக் கொடியை இறக்கிவிட்டு, கேட்டவர்களுக்குக் கொடுத்தார்கள். 2005 முதல் 2017 வரை 284 நிகழ்வுகள், ஏறத்தாழ 50 விதமான கொடிகள். பெரும்பாலானவை அந்த நகரத்தில் குடியேறியவர்களின் தாய்நாட்டுக் கொடிகள். அதை வாசித்தபோது எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது. பிறகு ஒரு கிறிஸ்தவ அமைப்பு தன் கொடியோடு வந்தது, நகரம் மறுத்தது. 2022 மே 2 அன்று அமெரிக்க உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் நகரத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். கேட்டவர்க்கெல்லாம் கம்பத்தைக் கொடுத்த பிறகு, கொள்கை பிடிக்கவில்லை என்று ஒருவருக்கு மட்டும் மறுக்க முடியாது என்றார்கள்.

நமக்கு அந்தச் சட்டம் இல்லை. ஆனால் நியாயம் அதேதான். இன்று உங்களுக்குக் கொடுத்தால் நாளை இஸ்ரேலியப் பயணிகள் கூடும் அறுகம்பேயில் கடை வைத்திருக்கும் ஒருவர் இஸ்ரேல் கொடியோடு பொத்துவில் சபைக்கு வரலாம். சென்ற ஆண்டு ஒக்டோபரில் அங்கே தாக்குதல் நடக்கலாம் என்று அமெரிக்கத் தூதரகம் விடுத்த எச்சரிக்கைக்குப் பிறகு அந்தக் கடற்கரை எப்படிச் சோதனைச் சாவடிகளால் நிறைந்தது என்று பார்த்தோம். அந்த விண்ணப்பத்தைக் கையில் வாங்கப் போகிறவர் ஒரு முன்வரிசை எழுதுவினைஞர். நான் இருந்த நாற்காலியில் இன்று இருக்கும் ஒரு பிள்ளை.

நவம்பர் 3

தம்பி ஒரு பிரேரணை எழுதி எனக்கு அனுப்பினார். தன் வட்டார உறுப்பினர் மூலம் கொண்டுவரப் போகிறாராம். கொடி என்ற சொல் அதில் இல்லை. காசாவில் கொல்லப்பட்டவர்களுக்காக ஒரு நிமிட மௌனம், நிதி சேர்க்க மண்டபத்தை ஒரு நாள் இலவசமாகக் கொடுத்தல், அமர்வுக் குறிப்பில் ஒரு கண்டனம். நான் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன்: சூடானில் இறந்தவர்களுக்கும். மறுப்பின்றிச் சேர்த்தார்.

அரைக்கம்பத்தில் இறக்குவதையும் முதலில் எழுதியிருந்தார். எங்கள் காலத்தில் அதற்கு மேலிடத்துச் சுற்றறிக்கை வரும். 2022 செப்டெம்பர் 19 அன்று எலிசபெத் அரசிக்காகவும், இந்த ஏப்ரல் 26 அன்று பாப்பரசர் பிரான்சிசுக்காகவும் நாடு துக்கம் அனுசரித்தது. காசாவுக்கு அப்படி ஒரு சுற்றறிக்கை வரவில்லையே என்று அவர் கேட்டபோது நான் என்ன சொல்வது? வந்திருக்க வேண்டும் என்றேன். மனதார அப்படித்தான் நினைக்கிறேன்.

இன்னொன்று. சபைக் கம்பம் வேண்டாம் என்கிற என் சொல்லை, வீட்டிலும் வேண்டாம் என்று திரிக்கிறவர்களுக்கு நான் உடந்தை இல்லை. இந்த மார்ச் மாதம் கொழும்பில் இஸ்ரேலுக்கு எதிரான ஓர் ஒட்டுத்தாளை ஒட்டியதற்காக 22 வயது இளைஞர் ஒருவரைப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதுசெய்தார்கள். அது அநியாயம். தனி மனிதரின் மதிலும் வேலியும் கடைக் கதவும் அவருடையவை. சபை வாய் மூடியிருப்பதற்கான காரணமே மக்கள் வாய் திறந்து பேச வேண்டும் என்பதுதான்.

நவம்பர் 15

தம்பி எழுதியிருக்கிறார். அமர்வில் மௌனம் நிறைவேறியதாம், எல்லாக் கட்சியினரும் எழுந்து நின்றார்களாம். மண்டபத்துக்கு மட்டும் துப்புரவுக் கட்டணம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள். இதையாவது விட்டுக்கொடுத்திருக்கலாம்.

கொடியை அவர் தன் வீட்டு முன்றிலில் ஏற்றியிருக்கிறார். உம்மா தைத்தாராம். நிறங்களின் வரிசையைத் தானே இரண்டு முறை பார்த்துச் சொன்னாராம்: மேலே கறுப்பு, நடுவில் வெள்ளை, கீழே பச்சை, முக்கோணம் சிவப்பு. வாடைக்காற்று தொடங்கிவிட்டது, மழை எந்த நேரமும் வரலாம். அதனால் பொழுது சாய இறக்கி, மடித்து, உள்ளே வைக்கிறாராம். காலையில் மறுபடி ஏற்றுகிறாராம்.